பேசுவதற்கு முன் முடையட்டும்: பழவேற்காட்டில் ஒரு யோசனைக் கூட்டம்

பழவேற்காட்டில் கருத்துக் கேட்க வருகிறவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. சுனாமிக்குப் பிறகு படகு கொடுக்க வந்தவர்கள் கேட்டார்கள். முகத்துவாரம் மணல் தூர்ந்து அடையும்போதெல்லாம் அதிகாரிகள் கேட்கிறார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் வந்ததும், 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை சொல்லும் பொதுக் கருத்துக்கேட்பு குப்பம் குப்பமாகப் பேசப்பட்டது. இவர்களோடு இன்னொரு கூட்டமும் உண்டு. பனையோலைப் பெட்டி முடையும் பெண்களைத் தேடி வடிவமைப்பு மாணவர்களும் தொண்டு நிறுவனக்காரர்களும் வருவார்கள்; எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, "புதுசா என்ன பண்ணலாம்? மனசுல தோணுறதை எல்லாம் சொல்லுங்க" என்பார்கள்.

அலுவலகங்களில் பிரெய்ன்ஸ்டார்மிங் என்று சொல்லப்படும் யோசனைக் கூட்டத்தின் கிராமத்துப் பதிப்பு இது. அந்த அழைப்புக்கு வரும் பதிலை ஊகிப்பது கடினமல்ல. "நீங்க மாதிரி குடுங்கம்மா, அப்படியே முடைஞ்சு தர்றோம்." வந்தவர்கள் இதைக் கூச்சம் என்று குறித்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு இது தொழில் தெரிந்தவரின் பதிலாகவே படுகிறது. பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு ஆர்டர் என்றால் அது மாதிரியோடுதான் வரும். மாதிரி இல்லாமல் தன் எண்ணப்படி முடைந்தது விற்காமல் போனால், ஓலையும் சாயமும் இரண்டு நாள் உழைப்பும் அவர் கணக்கில் நட்டம். எதையும் சொல்லலாம் என்பது சம்பளக்காரரின் சலுகை.

மாதிரி பார்த்துச் செய்யும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதும் அல்ல. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையின் துணி வணிகத்தை இங்கிருந்தே நடத்தினார்கள். தென்கிழக்காசியத் தீவுகளில் எந்த நிறம், எந்தக் கட்டம், எத்தனை முழம் விலைபோகும் என்ற விவரம் படேவியாவிலிருந்த டச்சுத் தலைமையகத்திலிருந்து வரும்; மாதிரித் துணியும் வருவதுண்டு. நெய்தவரும் உடுத்தியவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயர்தான் வழங்குகிறது. ஆளைப் பார்க்காமல், பேச்சே இல்லாமல், கைக்குக் கை மாறிய ஒரு துண்டுத் துணியைக் கொண்டு கடல் கடந்த வடிவமைப்பு நடந்த இடம் இது.

அப்படியானால் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமே, கூட்டம் எதற்கு என்று கேட்கலாம். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 1991இல் டேவிட் ஜான்சன், ஸ்டீவன் ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் பொறியியல் மாணவர்களிடமும் தொழில்முறைப் பொறியாளர்களிடமும் சில வடிவமைப்புப் பணிகளைக் கொடுத்தார்கள்: கார்மேல் சைக்கிள் ஏற்றும் தாங்கி, பார்வையற்றோருக்கான அளவுக் கோப்பை, சிந்தாத காபிக் கோப்பை. பாதிப் பேருக்கு ஒரு மாதிரிப் படமும் காட்டப்பட்டது. அந்த மாதிரியில் வெளிப்படையான குறைகள் இருந்தன. படம் பார்த்தவர்களின் வடிவமைப்புகளில் அந்தக் குறைகளும் திரும்ப வந்து உட்கார்ந்தன. எதைத் தவிர்க்கவேண்டும் என்று குறிப்பில் எழுதிக் கொடுத்திருந்த இடத்திலும் வந்தன. கண்ணில் பட்ட முதல் வடிவம் யோசனையைக் கட்டிப்போடுகிறது. பொறியாளர்களுக்கே இந்தக் கதி என்றால், சென்னை டிசைனர் கொண்டுவந்து நடுவில் வைக்கும் ஒரே ஒரு அழகான கூடை என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் அதன் சாயலிலேயே எட்டுக் கூடைகள் பிறக்கும். "பெண்கள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்" என்று அறிக்கையும் எழுதப்படும்.

யோசனைக் கூட்டம் என்ற முறைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது அதன் ஆதரவாளர்கள் சொல்வதைவிடச் சிக்கலானது. அலெக்ஸ் ஆஸ்போர்ன் நியூயார்க்கின் பி.பி.டி.ஓ. விளம்பர நிறுவனத்தின் பங்குதாரர். 1953இல் வந்த 'அப்ளைடு இமாஜினேஷன்' என்ற நூலில் அவர் நான்கு விதிகளை வைத்தார். குறை சொல்லாதே, எவ்வளவு கிறுக்குத்தனமான யோசனையானாலும் வரட்டும், எண்ணிக்கை பெருகட்டும், பிறர் யோசனைமேல் உன் யோசனையைக் கட்டு. இப்படிச் செய்தால் சராசரி மனிதர் தனியாக இருக்கும்போது யோசிப்பதைப்போல இரண்டு மடங்கு யோசிப்பார் என்பது அவர் நம்பிக்கை. ஐந்தே ஆண்டில், 1958இல், யேல் பல்கலைக்கழகத்தின் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் அதைச் சோதித்தார்கள். நால்வர் நால்வராகக் கூடி யோசித்த 12 குழுக்களை ஒருபுறமும், தனித்தனியே யோசித்த 48 பேரை மறுபுறமும் வைத்தார்கள். பிறகு அந்த 48 பேரின் விடைகளை நால்வர் நால்வராகக் காகிதத்தில் சேர்த்து எண்ணினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத அந்தக் காகிதக் குழுக்கள், கூடிப் பேசிய குழுக்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு யோசனைகளைத் தந்திருந்தன. ஆஸ்போர்னின் கணக்கு அப்படியே தலைகீழானது. அவருக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: கூட்ட யோசனை தனி யோசனைக்குத் துணை, அதற்கு மாற்று அல்ல என்று அவரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்த பயிற்சியாளர்கள் அந்தப் பக்கத்தை வசதியாக விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி என்ற கேள்விக்குத் தெளிவான விடை 1987இல் ஜெர்மனியின் டூபிங்கனிலிருந்து வந்தது. மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் மூன்று காரணங்களைச் சோதித்தார்கள். அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்ற சோம்பல் ஒன்று; என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் ஓரளவு பங்கு இருந்தது. ஆனால் பெரிய காரணம் வெகு சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. காத்திருக்கும் நேரத்தில் தோன்றியது மறந்துபோகிறது; அல்லது மறக்காமல் இருக்க அதையே மனத்தில் உருட்டிக்கொண்டிருப்பதால் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை. ஆட்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் அதைக் காட்டும் விளக்கை எரியவிட்டு, அது அணையும்வரை பேசாதே என்றார்கள். அடுத்தவர் என்ன சொல்கிறார் என்பதே காதில் விழவில்லை. இருந்தும் யோசனைகளின் எண்ணிக்கை கூட்டத்தின் அளவுக்குச் சரிந்தது. ஆக, முறைக்காகக் காத்திருப்பதே யோசனையைத் தின்றுவிடுகிறது.

முறை என்றால் என்ன என்று பழவேற்காட்டு மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சில்காவுக்கு அடுத்த இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துக்குள் வருவது தெற்கு ஓரம் மட்டும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீண்டு கிடக்கிறது. முகத்துவாரம் வழியாக இறால் குஞ்சு உள்ளே வருவதும் வளர்ந்தது கடலுக்குத் திரும்புவதும் எந்த எந்தத் தடத்தில் என்பது கரைக்காரர்களுக்குத் தெரியும். அந்தத் தடங்களில் கழி ஊன்றி வலை கட்டினால் பிடிப்பு உண்டு. பத்துப் பேர் ஒரே இடத்தில் கட்டினால் யாருக்கும் இல்லை. அதனால் பாடு என்ற ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சாதிக் குடும்பங்கள் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று பிரித்துக்கொண்டன. நல்ல இடம் இன்று கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பின் கட்டுவலைக்காரர்களும் சீட்டுப் போட்டே இடம் பிரிக்கிறார்கள். திறமையோ பலமோ குரலோ இங்கே இடத்தைத் தீர்மானிக்காது, சீட்டு தீர்மானிக்கும்.

யோசனைக் கூட்டத்துக்கு இந்தச் சீட்டு முறையின் பாடமே அமெரிக்க நிர்வாகவியலில் கிடைத்தபோது அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். டெல்பெக், வான் டி வென் இருவரும் 1971இல் முன்வைத்த முறையில் முதலில் எல்லாரும் பேசாமல் எழுதவேண்டும். பிறகு வட்டத்தில் ஆளுக்கு ஒன்றாக, வரிசை மாறாமல் சொல்லவேண்டும். விவாதமும் வாக்கும் அதற்குப் பிறகுதான். ஜெர்மானியரான பெர்ண்ட் ரோர்பாக் 1968இல் சொன்ன முறை இன்னும் கறாரானது: 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடம், பிறகு தாளைப் பக்கத்தவரிடம் தள்ளு. அரை மணியில் 108 யோசனைகள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் பாடு ஏற்பாட்டின் மறுபக்கத்தையும் பார்க்காமல் அதைப் புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையல்ல. சீட்டில் பெயர் உள்ளவர்களுக்குள் அது நியாயமானது. பெயரே எழுதப்படாதவர்களுக்கு? குறிப்பிட்ட ஊர், குறிப்பிட்ட சாதி, அதிலும் ஆண்: இந்த மூன்றும் சேர்ந்தவருக்கே பாடு. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை வந்து விலை ஏறியதும் பாடு இல்லாத ஊர்கள் பங்கு கேட்டன, சண்டைகளும் நடந்தன. பழவேற்காட்டில் களஆய்வு செய்த சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட கட்டுரை, ஏரியின் வளம் குறையும்போது பாடு உள்ளவரும் இல்லாதவரும் எப்படி வேறுவேறாகத் திண்டாடுகிறார்கள் என்பதைப் பேசுகிறது. யோசனைக் கூட்டத்திலும் இதே கதைதான். பேசும் முறையை எவ்வளவு சமமாகப் பிரித்தாலும் அழைப்புப் பட்டியலைத் தயாரித்தவர் யார் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

கூடை என்ற பொருளையே எடுத்துக்கொள்ளலாம். பழவேற்காட்டில் ஓலை முடைவது நெடுங்காலமாக முஸ்லிம் குடும்பத்துப் பெண்களின் கைவேலை. இப்போது மீனவக் குடும்பப் பெண்களும் செய்கிறார்கள். கூடையை மிகக் கடுமையான வேலைக்குப் பயன்படுத்துபவர்கள் வேறு. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை உப்பங்கழியில் இறங்கிச் சேற்றைத் துழாவி வெறுங்கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் ஆண்களும் அவர்கள். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் கூடையைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். ஈர ஓலை எவ்வளவு கனக்கும், விளிம்பு எங்கே வாயை அறுக்கும், இறால் துள்ளி வெளியேறாமல் இருக்க வாய் எவ்வளவு குறுகவேண்டும் என்பதில் அவர்களைவிட நிபுணர் எந்தக் கல்லூரியிலும் இல்லை. 'ஓலைப் பொருள் வடிவமைப்பு' கூட்டங்களுக்கு அவர்களை அழைக்கலாம் என்று யாருக்காவது தோன்றுமா? பரிசுப் பெட்டிக்கும் இறால் கூடைக்கும் என்ன சம்பந்தம் என்பார்கள். விளிம்பு கட்டுவது இரண்டுக்கும் பொது என்பதே சம்பந்தம்.

பட்டியல் சரியானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ரோர்பாக்கின் தாள் இங்கே அப்படியே செல்லாது. எழுத்துப் பழக்கம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லாத இடத்தில் தாளும் பேனாவும் இன்னொரு வேலியாகும். பள்ளிக்கூடம் போன பெண் வேகமாக எழுதுவாள், முப்பது வருஷம் முடைந்த லாத்தா பேனாவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மஞ்சள் ஒட்டுத்தாள்களைச் சுவரில் ஒட்டும் பட்டறை வழக்கத்துக்கு ஏரிக்காற்றின் ஈரமே எதிரி என்பதைத் தனியாகச் சொல்லவேண்டாம். ஆனால் ரோர்பாக்கும் டெல்பெக்கும் தேடியது தாளை அல்லவே. எல்லாரும் ஒரே நேரத்தில், யாருக்கும் காத்திருக்காமல் யோசிக்கும் வழியைத் தேடினார்கள். அந்த வழி பழவேற்காட்டில் ஏற்கெனவே இருக்கிறது. முடைவதுதான் அது.

அதனால் நான் பரிந்துரைக்கும் கூட்டம் கூட்டமாகத் தொடங்காது. ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய் ஒரு கேள்வியை விட்டுவிட்டு வரவேண்டும். "புதுசா என்ன பண்ணலாம்" என்பது கேள்வியே அல்ல. அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. "அரைக் கிலோ இனிப்பு வைத்துக் கூரியரில் அனுப்பினால் நசுங்காத பெட்டி வேண்டும், மூடி தானாகத் திறக்கக்கூடாது." இப்படி இருந்தால் ஓலையைக் கையில் எடுத்ததுமே மனம் வேலை செய்யத் தொடங்கும். "மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்று போகவேண்டும், ஆனால் எறும்பு போகக்கூடாது" என்பது இன்னொன்று. கேள்வி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுக்கு யோசனை தளர்வாக வரும். மாதிரி எதுவும் காட்டவேண்டாம், படம்கூட வேண்டாம். ஒவ்வொருவரும் தம் வீட்டில், தமக்குத் தோன்றியபடி, உள்ளங்கை அளவில் இரண்டோ மூன்றோ முடைந்து வைக்கட்டும். முழுதாக முடிக்கவும் தேவையில்லை. மூடியின் ஒரு மூலை, அடியின் ஒரு பின்னல் போதும். பாதியில் பிய்த்துப் போட்டதையும் எறியாமல் வைத்திருக்கச் சொல்லவேண்டும்.

இதற்குக் கூலி உண்டு. அன்றைக்கு அவர் முடைந்திருக்கக்கூடிய பெட்டிகளுக்கு எவ்வளவோ அதற்குக் குறையாமல், துண்டு நன்றாக வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கொடுக்கவேண்டும். யோசனைக்குக் காசு கொடுப்பது பழக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் எல்லாரும் மாதச் சம்பளத்தில் யோசிப்பவர்கள்.

கூடும் நாளும் இடமும் சின்ன விஷயமல்ல. ஊர்ப் பஞ்சாயத்து கூடும் இடத்தில் பெண்கள் உட்கார்ந்து வாய் திறப்பது எளிதல்ல. அங்கே அவர்கள் பேசி வழக்கமில்லை. தலைவர் வீட்டுத் திண்ணையும் வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தொழுகைக்காக விட்டுவிடவேண்டும். இறால் பிடிப்பு நன்றாக இருக்கும் நாட்களில் மீனவ வீடுகளில் யாருக்கும் நேரம் இருக்காது. ஆறு முதல் எட்டுப் பேர் போதும். இருபது பேர் வந்தால் படம் நன்றாக இருக்கும், கூட்டம் நன்றாக இருக்காது. வியாபாரி வரக்கூடாது என்பதில் மட்டும் பிடிவாதம் தேவை. அவருக்கு எதிரில் யாரும் தன் புதுப் பின்னலைக் காட்டமாட்டார்கள். காட்டினால் அடுத்த வாரம் அதை எங்கே பார்ப்போம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கூடியதும், பெயர் சொல்லாமல் எல்லாத் துண்டுகளையும் பாயில் பரப்பவேண்டும். எது யாருடையது என்பது கைப்பின்னலைப் பார்த்தே பலருக்குத் தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் "இது என்னது" என்று யாரும் எழுந்து நின்று சொல்லவேண்டியதில்லையே, அது போதும். பிறகு சீட்டுப் போட்டு வரிசை எடுத்து, ஆளுக்கு ஒரு துண்டு. தன்னுடையதை அல்ல, அடுத்தவருடையதை. "இதை எப்படிப் பண்ணியிருக்காங்க, நான் பண்ணினா எங்க மாத்துவேன்" என்பதே பேச்சு. டிசைனரும் தன் முறை வரும்போது மட்டும் பேசவேண்டும். குறை சொல்லக்கூடாது என்ற ஆஸ்போர்னின் விதியை இங்கே நான் கைவிடுவேன். "இந்த ஓரம் நிக்காது, ஒரு மழைக்குப் பிரிஞ்சுடும்" என்பது கைவினையாளர்களுக்குள் மரியாதையான பேச்சு. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சார்லன் நெமெத் குழு 2004இல் வெளியிட்ட ஆய்விலும், எதிர்த்து விவாதிக்கும்படி சொல்லப்பட்ட குழுக்கள் குறை சொல்லாத குழுக்களுக்குப் பின்தங்கவில்லை. சற்று முன்னால்கூட இருந்தன. ஆளைக் குறை சொல்வது வேறு, ஓரத்தைக் குறை சொல்வது வேறு. பொருள் நடுவில் கிடக்கும்போது அந்த வேறுபாட்டைக் காப்பது எளிது.

இரண்டாவது சுற்று அங்கேயே நடக்கவேண்டும்: பார்த்த துண்டுகளில் இரண்டைச் சேர்த்து ஒன்றாக முடைவது. பிறர் யோசனைமேல் கட்டு என்ற ஆஸ்போர்னின் நான்காவது விதி பேச்சில் பெரும்பாலும் வெறும் உபசாரமாகத்தான் நிற்கும். ஓலையில் அது உண்மையாகவே நடக்கும். ஒருத்தியின் அடிப்பின்னலில் இன்னொருத்தி மூடியை ஏற்றுவாள், ஏறாவிட்டால் ஏறவில்லை என்று உடனே தெரியும். 1996இல் ராபர்ட் சட்டன், ஆண்ட்ரூ ஹார்கடன் இருவரும் கலிபோர்னியாவின் ஐடியோ வடிவமைப்பு நிறுவனத்தை ஆராய்ந்து எழுதினார்கள். யோசனைகளின் எண்ணிக்கையை வைத்து மட்டும் அங்குள்ள கூட்டங்களை எடைபோடக்கூடாது என்பது அவர்கள் வாதம். பழைய வேலைகளின் தீர்வுகள் ஊழியர்களின் நினைவில் கிடக்கின்றன. கூட்டம் அவற்றைக் கிளறி மேலே கொண்டுவருகிறது, ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குப் போகிறது. யேல் ஆய்வில் இருந்தவர்கள் கல்லூரி மாணவர்கள். பழவேற்காட்டில் உட்காருபவர்கள் ஆண்டுக்கணக்காக ஒரே வேலையைப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் செய்பவர்கள். அவர்களுக்குக் கூட்டத்தின் பலன் இந்த வகையில்தான் அதிகம் இருக்கும்.

பாயில் நன்றாக இருந்தது உலகத்தில் நிற்குமா என்பது கூட்டத்தில் தெரியாது. தமிழகக் கரை இந்தப் பாடத்துக்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறது. கட்டுமரத்துக்கான மரம் அருகி விலை ஏறிய காலத்தில், குமரி மாவட்டத்தின் முட்டத்தில் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகுப் பட்டறையை மையமாக வைத்து ஒட்டுப்பலகை வள்ளங்கள் உருவாயின. அந்த முயற்சியில் இருந்த பியர் ஜில்லே 1985இல் அதன் கதையை நூலாக எழுதி, ஷூமாக்கரின் 'சிறியதே அழகு' என்ற புகழ்பெற்ற தலைப்பைக் கிண்டல் செய்வதுபோல் 'சிறியது கடினம்' என்று பெயர் வைத்தார். பெயரே போதும். ஸ்வீடன் நிதியில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் 1979இல் சென்னையில் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் அலை உடையும் கரையில் இறங்கக்கூடிய படகை அடுத்தடுத்த எண்களிட்ட வடிவங்களாகச் செய்து பார்த்தது. மீனவர்களே ஏறித் தொழில் செய்து பார்த்து, குறை சொல்லி, அடுத்த எண்ணுக்குப் போனார்கள். அலையில் தரை தட்டும்போது எஞ்சினோடு சுழலியையும் மேலே தூக்கிக்கொள்ளும் அமைப்பு அந்தத் திட்டத்தில் உருவானது. இப்படி ஒரு தேவை நாற்காலியில் உட்கார்ந்து பேசிய கூட்டத்தில் தெளிவாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

இதற்கு நேர்மாறானது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்தது. நன்கொடைப் பணம் குவிந்த வேகத்தில் கண்ணாடியிழைப் படகுகள் வரிசையாக வந்து இறங்கின. தேவைக்கு மேல் வந்தன. அவசரமாகக் கட்டியவற்றில் தரம் குறைந்தவையும் இருந்தன. கொடுத்தவர்களில் பலர் பயனாளிகள் கூட்டம் நடத்தினார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். படகு வேண்டுமா என்றால் எல்லாரும் வேண்டும் என்றார்கள், வேறென்ன சொல்வார்கள்? இந்தக் கரையின் கூட்டங்களுக்குள் நுழையும் எவரும் அந்த நினைவுக்குள்தான் நுழைகிறார்கள்.

ஓலைப் பெட்டிக்குச் சோதனை மலிவானது என்பதால் தப்பிக்க வழியில்லை. தேர்ந்த வடிவங்களில் ஒவ்வொன்றிலும் சிலவற்றைச் செய்து, கூரியரில் உண்மையாகவே அனுப்பிப் பார்க்கவேண்டும். வடகிழக்குப் பருவமழை முழுக்க ஏரிக்கரை வீட்டிலேயே ஒன்றை வைத்துப் பார்க்கவேண்டும். அக்டோபரில் கூடித் தேர்ந்தெடுத்ததை ஜனவரியில் அதே ஆட்கள் திரும்ப எடுத்துப் பார்க்கட்டும். தேர்வில் வாக்கெடுப்பு நடத்துவதானால் ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த துண்டின் அடியில் போடச் சொல்லலாம்; கையைத் தூக்கச் சொன்னால் மூத்தவரைப் பார்த்துத்தான் மற்றக் கைகள் தூக்கப்படும். வடிவம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதையும் முடைந்தவரே குறித்துக்கொள்ளவேண்டும். அழகான மூடி ஒரு மணி நேரம் கூடுதலாகக் கேட்டால் அந்த ஒரு மணியைக் கடையில் யார் கொடுப்பார் என்ற கேள்விக்கு டிசைனர் அங்கேயே பதில் சொல்லட்டும்.

கடைசியாகச் சொத்துரிமை. பட்டறைகள் இதை எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடும் என்பதால் நானும் கடைசியில் பேசுகிறேன்; உண்மையில் இது முதல் நாளே முடியவேண்டியது. இந்திய வடிவமைப்புச் சட்டம் 2000இன்படி ஒரு புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். பதிவுக்கு முன்பே பொதுவெளியில் வந்துவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. அதாவது, கூட்டம் முடிந்த மாலையே பாயில் கிடந்த துண்டுகளைப் படமெடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்கும் குழுப்படத்தையும் சேர்த்துவிட்டால், அந்தப் பெண்களுக்கு அந்த வடிவத்தின்மேல் இருந்திருக்கக்கூடிய உரிமையை அப்போதே கைகழுவிவிட்டதாக ஆகலாம். எல்லா வடிவமும் பதிவுக்குத் தகுதியானதாக இருக்காது, எல்லாவற்றையும் பதிவு செய்யச் செலவும் கட்டாது. எந்தத் துண்டு யார் முடைந்தது, எந்த இரண்டு சேர்ந்து எது ஆயிற்று என்று தேதியிட்ட ஒரு நோட்டு இருந்து, அது அந்தப் பெண்களின் சுயஉதவிக் குழுவின் கையிலேயே தங்கினால், பிறகு வரும் கடைக்காரரோடும் டிசைனரோடும் பங்கு பேச அவர்களுக்கு ஏதாவது பிடி இருக்கும். படம் எடுப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.